நாலு கொறிடோருக்கு ஒரு வாங்கு

என் பெயர் உருத்திரமூர்த்தி. மொன்றியலில் ட்ரக் ஓடுகிற தமிழ் ஆட்களில் என்னைத் தெரியாது என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எண்பத்தேழில் இங்கே வந்து இறங்கி நாலு வருடம் கோப்பை கழுவினேன். பிறகு துறைமுகத்தில் கொன்ரெய்னர் இழுத்தேன். இன்றைக்கு ஏழு ட்ரக், கர்க்லாண்டில் வீடு. நாற்பத்தொரு அமெரிக்க மாநிலத்தில் என் ட்ரக்குச் சில்லு பட்டிருக்கிறது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கென்றால் சொல்ல இன்னும் கிடக்கிறது.

ஆனால் இப்போது எழுத வந்தது என் தங்கச்சி சிவநேசத்தைப் பற்றி. அவளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று எங்கள் ஆட்கள் கேட்பார்கள். போன மாசி மாதம் வரைக்கும் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

வயது அறுபத்துநாலு. தொண்ணூற்றைந்தில் நான்தான் பொன்சர் பண்ணிக் கனடாவுக்கு எடுத்தேன். வந்து மூன்றாம் மாதம் நகரத்துக்குள் ஒரு பெரிய ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலைக்குப் போனாள். இருபத்தேழு வருடம் அதே ஹோட்டல். நாளுக்குப் பதினாலு அறை. இப்போது பென்சன். மனுசன் மோசம்போய்ப் பன்னிரண்டு வருடம். ஒரே மகள் பிரஷாந்தினி லவாலில் கலியாணம் கட்டி இருக்கிறாள். சிவநேசம் பார்க் எக்ஸ்ரென்சனில் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறாள். கார் ஓடத் தெரியாது. சபை சந்தியில் அவளை யாராவது காட்டினால், "மூர்த்தியின்ர தங்கச்சி" என்றுதான் காட்டுவார்கள்.

ஹோட்டலில் ஆட்கள் விட்டுவிட்டுப் போகிற சாமான்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறதாம். மணிக்கூடு, சார்ஜர், பல்லுச்செட்டு என்றால் கீழே அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். கடதாசி என்றால் குப்பை. சிவநேசம் குப்பைக்குப் போகிற கடதாசியில் ஊர்ப்படங்களை, அதுதான் தெரு கீறின மாப்புகளை, மட்டும் எடுத்து ஏப்ரன் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய வைத்திருக்கிறாள். லிஸ்பன், பொஸ்ரன், பிராக். ஒன்றுக்கும் அவள் போனதில்லை. அந்தப் பெட்டிக்குள் வைன் கறை பட்ட ஒரு படம் சவன்னா. அமெரிக்காவின் தெற்கே, ஜோர்ஜியாவில், ஆற்றங்கரையில் இருக்கிற பழைய ஊர்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. இறாலைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அண்ணை, சித்திரையில நான் சவன்னாவுக்குப் போப்போறன்."

என் மனுசி கரண்டியைக் கீழே வைத்தா. "அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஆரின்ர கலியாணம்?"

"ஒருத்தற்றயும் இல்லை அண்ணி. ஊர் பாக்கப் போறன்."

வெளியாட்கள் வாசித்தால் இது என்ன பெரிய விசயம் என்று நினைப்பார்கள். எங்கள் சனம் சொந்தக்காரர் இல்லாத ஊருக்குப் போவதில்லை. ரொறன்ரோவுக்குப் போவோம், லண்டனுக்குப் போவோம், நோர்வேயில் பனிக்குள் ஒரு கிராமத்துக்குக்கூடப் போவோம். அங்கே ஆர் வீட்டில் இறங்குகிறது என்று முதலில் தெரியவேண்டும். ஹோட்டலில் தங்கினான் என்றால் அவனுக்கு ஆட்கள் இல்லை, இல்லாவிட்டால் ஆட்களோடு கோபம்.

"சவன்னாவோ? நான் ரெண்டு தரம் போன ஊர்," என்றேன் நான். "என்ன கிடக்கு அங்க? ஒரு கோடவுன், ஒரு பெற்றோல் ஸ்டேசன். ட்ரக்குக்குள்ள படுத்து, கொண்டுபோன புட்டைத் திண்டிட்டு வந்தனான்."

"கோடவுன் எங்க இருந்தது?"

"ஹைவேக்குப் பக்கத்தில."

"அப்ப ஊர் அங்கால அண்ணை. நீங்கள் போகேல்லை."

எனக்கு ஓர் ஊர் தெரியாது என்று என்னுடைய மேசையில் இருந்து சொன்ன முதல் ஆள் அவள்தான். அதையும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சொன்னாள்.

பிறகுதான் முழங்கால் கதை வந்தது. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. பிசியோ சொன்னபடி, ஐந்து நிமிடம் நடந்தால் ஒருக்கா இருந்து எழும்பவேண்டும். வருகிற குளிருக்குள் ஆபரேசன் வரும். அதற்குப் பிறகு கால் எப்படி இருக்கும் என்று டொக்டர் எழுதித் தரமாட்டார்.

"இந்தச் சித்திரை இல்லாட்டி இல்லை," என்றாள். "மற்ற ஊர் ஒண்டும் எனக்குச் சரிவராது. இந்த ஊரை ஆயிரத்து எழுநூற்று முப்பத்துமூண்டில கட்டத் தொடங்கேக்கயே சதுக்கம் சதுக்கமாப் பிரிச்சுக் கட்டினவங்கள். ரெண்டு தெரு நடந்தால் ஒரு சதுக்கம். சதுக்கத்துக்குள்ள பெரிய மரம், மரத்துக்குக் கீழ வாங்கு. இண்டைக்கும் இருபத்திரண்டு சதுக்கம் அப்பிடியே இருக்கு. என்ர காலுக்கெண்டு அளந்து கட்டின ஊர் அண்ணை."

நான் சிரித்தேன். பிறகு என் குணத்தின்படி விசயத்தைக் கையில் எடுத்தேன். தங்கச்சி ஒருத்தியை ஆட்கள் இல்லாத ஊரில் அநாதை மாதிரிப் போய் இறங்க விடுகிற ஆள் நான் இல்லை. இரண்டு நாளில் பதினொரு இடத்துக்குப் போன் அடித்தேன். பதினோராவது போனில் ஆள் பிடிபட்டது. என் மனுசியின் சித்தப்பா மகள் சம்பந்தம் செய்த வீட்டில் அருமைராசா என்றொருவர், அட்லாண்டாவில் இருக்கிறார். நான் அவரைக் கண்டதுகூட இல்லை.

"சவன்னாவுக்குப் பக்கம்தான் அண்ணை," என்றார் அருமைராசா. "நாலு மணித்தியாலம்."

நாலு மணித்தியாலம் பக்கம்தானே. ரொறன்ரோவுக்கு எங்களுக்கு ஐந்தரை.

மனிசன் தங்கமான மனிசன். விமான நிலையத்தில் வந்து ஏற்றுவாராம். கீழ் அறை முழுக்க எங்களுக்காம். சித்திரை பன்னிரண்டாம் திகதி சனிக்கிழமை மூத்த மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு, மண்டபம் எடுத்தாயிற்று, நாங்கள் மொன்றியலில் இருந்து வந்து முன்னுக்கு நின்றால் அவருக்கு அது எவ்வளவு பெரிய விசயம். ஞாயிற்றுக்கிழமை கோயில். திங்கட்கிழமை தானே காரில் கொண்டுபோய்ச் சவன்னாவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுப் பொழுதுபடமுன் கொண்டுவந்து விடுவார். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். மூர்த்தி கொடுத்த வாக்கை முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு கொம்பனியும் திருப்பி அனுப்பினதில்லை.

அன்றைக்கே பார்க் எக்ஸ்ரென்சனுக்குப் போய் மூன்று மாடி ஏறி விசயத்தைச் சொன்னேன். சிவநேசம் தேத்தண்ணி தந்தாள். சொன்னதெல்லாம் கேட்டாள். மேசையில் விரித்துக் கிடந்த ஊர்ப்படத்தை மடித்தாள், பழைய மடிப்பிலேயே.

"நல்லது அண்ணை. நீங்களும் அண்ணியும் போட்டு வாங்கோ."

"உனக்காகத்தானே ஒழுங்கு பண்ணினனான்."

"ஓம். தெரியும்."

நான் சந்தோசமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் நாள் பிரஷாந்தினி போன் அடித்தாள்.

"மாமா, அம்மா ரிக்கற்றை கான்சல் பண்ணச் சொல்லுறா. காரணம் கேட்டால் கால் ஏலாதாம்."

"காலுக்கு என்ன நடந்தது?"

"கால் முந்தியை விட நல்லாத்தான் இருக்கு. நீங்கள் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஸ்குவார் விக்ரோரியா மெட்ரோவில நில்லுங்கோ. அம்மா வருவா. கூட நடந்து பாருங்கோ. அதுக்குப் பிறகும் கான்சல் பண்ணு எண்டால் நான் பண்ணுறன்."

செவ்வாய்க்கிழமை வெளியில் பனி இறுகிக் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. நான் மெட்ரோவில் ஏறிப் பத்து வருடம் இருக்கும். சிவநேசம் வந்தாள், கையில் ஹோட்டல் வேலைக்குப் போட்ட அதே வெள்ளைச் சப்பாத்து. குளிர்ச் சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு அதைப் போட்டாள்.

"ஆர் சொன்னது?" என்றாள்.

"உன்ர மகள்."

"சரி, வந்தனீங்கள் வாங்கோ. கதைச்சுக்கொண்டு நடக்கக்கூடாது. இருக்கிற இடத்தில கதைப்பம்."

எனக்கு ஒரு பெண்பிள்ளை வழி சொல்லுவது அதுதான் முதல் தரம். பின்னால் போனேன்.

மொன்றியலுக்கு அடியில் ஒரு நகரம் இருக்கிறது, குளிருக்குச் சனம் அதற்குள்ளால்தான் போய் வரும். தெரியாத விசயமில்லை. ஆனால் நான் நடந்ததில்லை. எனக்கு மொன்றியல் என்றால் ஹைவேயும் பாலமும் துறைமுகக் கேற்றும். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிலத்தைப் பார்க்காமல், ஒரே வேகத்தில் நடந்தாள். உள்ளே ஒரு நீளமான கட்டடம், கண்ணாடிக் கூரை, நடுவில் தண்ணீர்த் தடாகம், பக்கத்தில் பேர்லின் சுவரில் வெட்டிக் கொண்டுவந்த ஒரு துண்டு. அதற்கு முன்னால் இருந்த வாங்கில் இருந்தாள்.

"இது ஜோன்சன்," என்றாள்.

"எது?"

"முதலாம் சதுக்கம். ஆத்தங்கரையில இருந்து நாலு கொறிடோர்."

அவள் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. ஹோட்டலில் பதின்மூன்றாம் மாடிக் கொறிடோரை அவள் இருபத்தேழு வருடம் வண்டிலைத் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறாள். ஒரு கொறிடோர் எண்பத்தெட்டுக் காலடி. அவளுக்கு மைலும் தெரியாது, கிலோமீற்றரும் தேவையில்லை. படத்தில் கிடந்த தூரத்தையெல்லாம் பிரஷாந்தினியைக் கேட்டுக் கேட்டுக் கொறிடோராக மாற்றி வைத்திருக்கிறாள். சவன்னாவில் புல் ஸ்ட்ரீற் என்று ஒரு தெரு, ஆற்றங்கரையிலிருந்து தெற்கே நேராகப் போகிறது. அதில் ஐந்து சதுக்கம். முடிவில் பெரிய பூங்கா, பூங்காவுக்குள் வெள்ளை நிறத்தில் ஒரு நீரூற்று. சதுக்கத்துக்குச் சதுக்கம் நாலு கொறிடோர். இங்கே நிலத்துக்குக் கீழே, அதே அளவுக்கு வாங்கு இருக்கிற ஒரு வழியைத் தேடி எடுத்திருக்கிறாள். மார்கழியிலிருந்து செவ்வாயும் வியாழனும் நடக்கிறாள்.

நாற்பத்தொரு மாநிலத்துக்கு வழி கண்டுபிடித்தவன் நான். எனக்கு யாரோ போட்ட றோட்டு இருந்தது, வழி காட்டுகிற போர்ட் இருந்தது. ஓர் ஊரை அப்படியே எடுத்து இன்னொரு ஊருக்கு அடியில் விரித்த ஆளை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

இரண்டாம் இடம் ஒரு படிக்கட்டுக்குக் கீழே. "ரைட்." மூன்றாம் இடம் மாநாட்டு மண்டபத்தில், ஜன்னல் கண்ணாடியெல்லாம் சிவப்பும் பச்சையும் மஞ்சளும். "சிப்பவா. இந்த இடத்தில நிறம் கூட. அங்க மரம்தான். மரத்தில பாசி தாடி மாதிரித் தொங்குமாம், நரைச்ச தாடி." ஒவ்வொரு இடத்திலும் கதை சொன்னாள். எந்த மூலையில் எந்த வீடு, எந்த வருடம் கட்டினது. அடிமையாய் வைத்திருந்த சனம் பகல் வேலை முடிந்து வந்து, தங்கள் கையால் கட்டின தேவாலயம் ஒன்று மேற்குப் பக்கத்தில் இருக்கிறதாம். அதற்கு இரண்டாம் நாள் காலமை.

"பகல் முழுக்க ஆருக்கோ வேலை செஞ்சுபோட்டு, பேந்து தங்களுக்கெண்டு கல்லுத் தூக்கியிருக்கினம் அண்ணை. அதுக்குள்ள ஒருக்கா இருக்கவேணும்."

நாலாம் இடத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கு இல்லை. அங்கேதான் கேட்டேன்.

"அருமைராசா வீட்டில நிண்டால் உனக்கு என்ன குறை?"

"லண்டனுக்குப் போனனே, நினைவிருக்கோ? பதினொரு நாள். பதினொரு வீட்டில சாப்பிட்டன். தேம்ஸ் ஆத்தைக் காருக்குள்ள இருந்து பாத்தன், அதுவும் சின்னமாமி குறுக்க இருந்தவ. ஆக்கள் இருக்கிற ஊரில நான் நடந்ததே இல்லை."

"அது அன்பில செய்யிறது."

"அன்புதான். நான் இல்லையெண்டு சொன்னனானோ?" முழங்காலை இரண்டு கையாலும் தடவினாள். "இருபத்தேழு வருசம் ஊர் பாக்க வந்த சனத்தின்ர கட்டிலை விரிச்சனான். காலமை போகேக்க கையில படத்தோட போவினம், பின்னேரம் வரேக்க முகம் வேற மாதிரி இருக்கும். அப்பிடி என்னத்தைப் பாத்துட்டு வருகினம் எண்டு யோசிப்பன். எனக்கும் ஒரு நாலு நாள் ஆராவது கட்டில் விரிக்கட்டன்."

"விரிச்சால் மூலையை மடிச்சது சரியோ எண்டு பாப்பாய்."

"பாக்காமல் விடுவனோ?"

எழும்பி நடந்தாள். ஐந்தாம் இடம் தாண்டி, அரசாங்கக் கட்டடத்துக்கு அடியால், கடைசியில் ஒரு பெரிய வெளிச்சமான மண்டபத்துக்குள் வந்தோம். நடுவில் தண்ணீர் மேலே பாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. டெஜார்டன் கட்டடத்து நீரூற்று. கடைசித் துண்டு ஆறு கொறிடோர், இடையில் இருக்க இடமில்லை. தைமாதம் இந்தத் துண்டில் நாலோடு நின்றுவிட்டாளாம். அன்றைக்கு ஆறையும் நடந்து, தண்ணீர் விளிம்பில் போய் இருந்தாள். முகத்தில் வேர்வை. அவள் சொன்ன 'வேற மாதிரி' முகம் எது என்று நான் அங்கே பார்த்தேன்.

"நல்லா நடந்தனீ," என்றேன். அப்படி ஒரு வார்த்தை அவளுக்கு நான் முன்பு சொல்லியிருக்கிறேனோ தெரியாது.

"இனி என்ன. ரிக்கற் கான்சல்தான். நீங்கள் வாக்குக் குடுத்திட்டீங்கள்."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். நான் வாக்குக் கொடுத்தால் அது மலை என்று இந்த ஊரில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தவன் நான். முழுக்க நம்பின ஒரே ஆள் அவள்தான் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். பொய் சொல்ல யோசித்தேன். ஆபரேசன் முந்திவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அவள் சவன்னாவில் நிற்கிற படம் ஒன்று எப்படியும் யாருடைய போனுக்காவது போகும். பிறகு அது அட்லாண்டாவுக்கு வர நாலு மணித்தியாலம் தேவையில்லை. உண்மையைச் சொன்னேன்.

"தம்பி, தங்கச்சி ஊர் பாக்கப் போறாள். தனிய நடந்து பாக்கவேணுமாம். உங்கட வீட்டில நிக்கமாட்டாள்."

"அண்ணை, நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?"

"ஒரு பிழையும் இல்லை. பிழை என்னில. அவளைக் கேளாமல் வாக்குக் குடுத்திட்டன்."

"மண்டபத்தில முதல் மேசையில உங்கட பேர் போட்டாச்சு அண்ணை. மொன்றியலால வருகினம் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

அவருடைய குரலில் நான் என்னைக் கேட்டேன். அதனால்தான் வாயில் இது வந்தது என்று நினைக்கிறேன்.

"பேரை எடுக்காதையுங்கோ. நானும் மனுசியும் வாறம். நாலு நாளும் நிக்கிறம். அவளை மட்டும் விடுங்கோ."

அந்த நிமிடத்தில் நான் எதைக் கொடுத்தேன் என்று என் மனுசிக்குக்கூடத் தெரியாது. அன்று காலமை ஐந்து வாங்கில் இருந்து எழும்பின பிறகு, அந்த ஊரைப் பார்க்க எனக்கும் ஆசை வந்திருந்தது.

சித்திரை பத்தாம் திகதி மூன்று பேரும் ஒரே விமானத்தில் அட்லாண்டா போனோம். அங்கே அவள் சவன்னா விமானத்துக்கு மாறவேண்டும். வாசலில் அருமைராசா பூக்கொத்தோடு நிற்பதாகப் போன் வந்தது. நான் சிவநேசத்தைக் கேற் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

"பதினேழு கொறிடோர் இருக்கு, இடையில ரெயில் இருக்கு, நான் பிரஷாந்தினியோட பாத்து வச்சிருக்கிறன்," என்றாள். "உங்களுக்கு மூச்சு வாங்கும். போங்கோ."

வெள்ளைச் சப்பாத்தோடு போனாள். அவ்வளவு சனத்துக்குள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிலத்தைப் பார்க்காமல். திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் நின்று பார்த்தேன். அந்த விமான நிலையத்தில் அவளுக்கு முன்னால் நடந்தவர்கள் எல்லோரும் வழி விட்ட மாதிரித்தான் எனக்குப் பட்டது.

சனிக்கிழமை சாமத்தியவீடு. முதல் மேசையில் பட்டு வேட்டியோடு இருந்தேன். பிள்ளையைப் பல்லக்கில் தூக்கிவந்த நேரம் போன் அடித்தது. வெளியில் கார் நிறுத்துகிற இடத்துக்கு ஓடினேன்.

"அண்ணை, மொன்டரே. அஞ்சாவது சதுக்கம்."

"கால் எப்பிடி?"

"அது என்னோட வருது. நேற்று மேட்டில நிண்டு ஆத்தைப் பாத்தன். வீடுகளுக்கு முன்னால ஒரு கப்பல் போச்சு, கொன்ரெய்னர் அடுக்கின கப்பல். தெருவே அசையிற மாதிரி. நீங்கள் இழுத்த பெட்டியெல்லாம் நினைவு வந்தது." மூச்சு விட்டாள். "கட்டில் விரிக்க வந்த பெண்ணுக்கு டொலரும், நன்றிக்கு மெர்சி எண்டு பிரெஞ்சில எழுதின துண்டும் வச்சனான். பிறகுதான் யோசிச்சன், இது அமெரிக்கா எல்லோ."

"மூலை?"

"வலு திறமா மடிச்சிருக்கு. என்னைவிட."

"இப்ப என்ன செய்யிறாய்?"

"எழும்பப்போறன். பூங்கா வாசலுக்கு நாலு, உள்ளுக்கு நீரூற்றுக்கு ரெண்டு. கதைக்காதையுங்கோ. போனை மட்டும் வச்சிருங்கோ."

போனுக்குள் அவளுடைய சப்பாத்துச் சத்தம், ஒரு குதிரைவண்டி, யாரோ சிரிக்கிற சத்தம், பறவை. எனக்குச் சும்மா நிற்க முடியவில்லை. கார்களுக்கு நடுவால் நானும் நடந்தேன், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எண்பத்தெட்டு எண்ணி ஒன்று, எண்பத்தெட்டு எண்ணி இரண்டு. நாலில் அவள் மூச்சு கொஞ்சம் இழுத்தது. நிற்பாள் என்று நினைத்தேன். நான்தான் நின்றேன். அவளுடைய சப்பாத்து போய்க்கொண்டேயிருந்தது.

பிறகு தண்ணீர்ச் சத்தம் வந்தது. முதலில் தூரத்தில், பிறகு போன் நிறைய.

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். மண்டப வாசலில் அருமைராசா நின்று, "அண்ணை, சாப்பாடு போடத் தொடங்கிட்டினம்," என்று கூப்பிட்டார். ஒரு விரலைக் காட்டி, கொஞ்சம் பொறுங்கோ என்றேன்.